எட்டு சேனல் என்விஆர்னு வாங்கினேன், ஏழாவது கேமராவே ஏற மாட்டேன்னுச்சு

வாங்கி ஏழு மாசம் ஆச்சு, இப்போதான் ரிவ்யூ எழுதுற அளவுக்கு இந்த பாக்ஸ் எனக்கு பழகியிருக்கு. எட்டு சேனல் பிஓஇ என்விஆர் (கேமரா படத்தை ரெக்கார்ட் பண்ற பாக்ஸ், பிஓஇன்னா ஒரே கேபிள்ல கரண்ட்டும் டேட்டாவும் போகும்), 4 டிபி ஹார்ட் டிஸ்க், ஆறு 4கே கேமரா. பிராண்ட் பேர் சொல்லல, ஏன்னா பாக்ஸுக்குள்ள இவ்வளவு டேட்டா தான் ஏறும்ங்கிற லிமிட் எல்லா கம்பெனி பாக்ஸ்லயும் இருக்கு, நம்பர் தான் மாறும். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். அந்த ஒன்றரை கட் ஆனது பாக்ஸால இல்ல, வித்தவங்களால.

முதல் ரெண்டு மாசம் ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் மோட்டார் ரூம் பக்கம் ஒரு கேமரா போடலாம்னு அதே மாடல் ஏழாவதா வாங்கி பின்னாடி போர்ட்ல சொருகினா, லிஸ்ட்ல பேர் வருது, படம் வரல. பேண்ட்வித் பத்தலன்னு மெசேஜ். மாட்டிக் குடுத்த தம்பிக்கு போன் பண்ணேன், "அண்ணே உங்க நெட் ஸ்பீடு கம்மி, பிளான் மாத்துங்க"ன்னு ரொம்ப கான்ஃபிடன்ட்டா சொன்னான். நானும் நம்பி 40ல இருந்து 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு போயிட்டேன். அதே மெசேஜ். கடுப்புல ரவுட்டர்ல இருந்து வர்ற லேன் கேபிளையே பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன், அப்பவும் ஆறு கேமரா ஜம்முனு ஓடுது, ரெக்கார்டும் ஆகுது, ஏழாவது மட்டும் அதே மெசேஜ். அப்போதான் புரிஞ்சது இதுக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு. கேமரா நேரா பாக்ஸ் முதுகுல சொருகியிருக்கு, அது எதுக்கு நெட்டை கேக்கப் போகுது. மாசாமாசம் நெட் பில் கூட கட்டுனது தான் மிச்சம்.

விஷயம் என்னன்னா அட்டைப்பெட்டியில பொடி எழுத்துல இன்கமிங் பேண்ட்வித் 60 எம்பிபிஎஸ்னு ஒரு வரி இருந்துச்சு. எல்லா கேமராவும் சேர்ந்து ஒரே நேரத்துல பாக்ஸுக்குள்ள எவ்வளவு டேட்டா தள்ளலாம்ங்கிற உச்சவரம்பு அது. நம்ம தம்பி எல்லாத்தையும் டீஃபால்ட்ல விட்டுட்டு போயிருக்கான், மெயின் ஸ்ட்ரீம் (ரெக்கார்ட் ஆகுற முழு படம்) 8192 கேபிபிஎஸ், அதாவது 8 எம்பிபிஎஸ், எச்.264 (வீடியோவை சுருக்குற முறை), 25 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 25 படம்), பிட்ரேட் (செகண்டுக்கு அனுப்புற டேட்டா அளவு) டைப் கான்ஸ்டன்ட், அதாவது எப்பவும் ஒரே அளவு. கூட சப் ஸ்ட்ரீம், அதாவது பிரிச்சுப் பார்க்கவும் போன்ல பார்க்கவும் வர்ற சின்ன படம், கேமராவுக்கு 1 எம்பிபிஎஸ். ஆறு கேமராவுக்கு 48ம் 6ம் 54 ஆச்சா, ஏழாவது வந்தா 63. எங்க ஏறும்? எட்டு சேனல்ங்கிறது பஸ்ல சீட் எண்ணிக்கை மாதிரி, டயர் எவ்வளவு வெயிட் தாங்கும்ங்கிறது வேற கணக்கு, அதை கடையில யாரும் சொல்றதில்ல. 16 சேனல் பாக்ஸா மாத்திக்கங்கன்னு தான் கடைக்காரர் சொன்னாரு.

மாத்தல. ஒரு ஞாயித்துக்கிழமை மவுஸை புடிச்சு உக்காந்து ஒவ்வொரு கேமராவா போனேன். முதல் வேலை எல்லாத்தையும் எச்.265ங்கிற புது சுருக்குற முறைக்கு மாத்துனது, அதே படம் கிட்டத்தட்ட பாதி பிட்ரேட்ல வருது. அடுத்து 25 எஃப்பிஎஸ்ஸை 15 ஆக்கினேன், வீட்டு வாசல்ல என்ன கிரிக்கெட்டா நடக்குது. எஃப்பிஎஸ் குறைஞ்சா அதே பிட்ரேட்ல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டேட்டா கூட கிடைக்கும், ஃபிரீஸ் பண்ணிப் பார்த்தா முகம் இன்னும் தெளிவா இருக்கு. ஐ ஃபிரேம் (முழுசா வர்ற படம், நடுவுல வர்றதெல்லாம் மாறினது மட்டும்) இன்டர்வல் 50ல இருந்துச்சு, அதை 30 ஆக்கிட்டேன், ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு. கான்ஸ்டன்ட்டை வேரியபிள் ஆக்கினேன், அசைவு கம்மியா இருந்தா டேட்டாவும் கம்மியா போகும்.

எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டா வேஸ்ட். கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் 6 எம்பிபிஎஸ், ஆள் முகம் அங்கதான் வேணும். கொல்லைப்பக்கம் 4, அங்க முருங்கை மரம் இருக்கு, காத்துல இலை ஆடுச்சுன்னா ஒவ்வொரு இலையும் கேமராவுக்கு புது நியூஸ் தான், 2ல வெச்சுப் பார்த்தேன், மரமும் பின்னாடி சுவரும் சேர்ந்து கூழா ஆயிடுச்சு. மாடிப்படி 3, சைடு சந்து 3. மொட்டை மாடியில வத்தல் காயுறதும் காக்கா வர்றதும் தான் சம்பவம், அதுக்கு 2. மோட்டார் ரூம் 2. கூட்டினா 26, சப் ஸ்ட்ரீம் அரை அரையா மூணரை, மொத்தம் 29.5. ஏழு கேமராவும் ஓடி பாக்ஸ்ல பாதி காலி!

நடுவுல ஒரு கூத்து. எல்லாம் முடிச்சு கேட் கேமரா செட்டிங்ல "காப்பி டு" பட்டனை தெரியாம அமுக்கிட்டேன், மத்த ஆறும் அதே 6 எம்பிபிஎஸ்க்கு போயிடுச்சு, திரும்ப முதல்ல இருந்து. மெனுவும் மோசம், அப்ளை குடுக்காம அடுத்த கேமராவுக்கு தாவினா கேக்காம கொள்ளாம பழசுக்கே போயிடும்.

இதுல நான் எதிர்பார்க்காத லாபம் ஹார்ட் டிஸ்க்ல. 1 எம்பிபிஎஸ் 24 மணி நேரம் ஓடினா 10.8 ஜிபி, இந்த ஒரு கணக்கை மனசுல வெச்சுக்கங்க போதும். பழைய 48க்கு ஒரு நாளைக்கு 518 ஜிபி, 4 டிபி ஏழே முக்கால் நாளுக்கு மேல தாங்காது. பக்கத்து தெருவுல பைக் காணாம போனப்ப ஸ்டேஷன்ல இருந்து வந்து பத்து நாள் முந்தின ரெக்கார்டிங் கேட்டாங்க, போட்டுப் பார்த்தா மேல மேல எழுதி எப்பவோ அழிஞ்சிருக்கு, அவங்க மூஞ்சியில முழிக்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்போ 26க்கு 281 ஜிபி, கணக்குப்படி 14 நாள் வரணும், வேரியபிள்ங்கிறதால அதுக்கும் மேலயே நிக்குது.

குறைன்னு பார்த்தா, டிவியில ரெண்டு கேமராவுக்கு மேல முழு 4கேல ஒண்ணா ஓட்ட முடியாது, அது டீகோடிங் (சுருக்கின வீடியோவை விரிச்சுக் காட்டுற) லிமிட், பேண்ட்வித்தோட சேராது. நாலு ஏழுன்னு பிரிச்சுப் பார்த்தா சப் ஸ்ட்ரீம்ல தான் காட்டும், கொஞ்சம் மங்கலா இருக்கும், ரெக்கார்டிங் முழுசா தான் இருக்கும், பயப்பட வேணாம். வெளியூர்ல இருந்து போன்ல பார்க்கும்போது மட்டும்தான் நெட்டு வேலைக்கே வருது, அதுலயும் வீட்டு அப்லோட் ஸ்பீடு தான் கணக்கு, சப் ஸ்ட்ரீம்ல வெச்சா பழைய 40 பிளானே தாராளம். திரும்ப அதுக்கே வந்துட்டேன். அப்புறம் ராத்திரி ஹெட்லைட்டோட வர்ற வண்டி நம்பர், பிட்ரேட் எவ்வளவு ஏத்தினாலும் வெள்ளைப் பட்டை தான். ராத்திரி பார்க்க கேமராவுல இருக்குற ஐஆர் லைட்டுக்கு முன்னாடி சிலந்தி வலை கட்டினா விடிய விடிய மோஷன் அலர்ட் வரும், அதுக்கு எந்த செட்டிங்கும் இல்ல, வாரம் ஒரு தடவை ஒட்டடைக்குச்சி தான்.

எட்டாவது போர்ட் இன்னும் காலியா இருக்கு. அப்பா மாட்டுக் கொட்டகைக்கு ஒண்ணு போடுடாங்கிறாரு. 2 எம்பிபிஎஸ் போதும்.