எம் எல் ஜி 250: குமுளியில் ஒரு மளிகைக் கடையின் வாட்ஸ்அப் ஆர்டர், நாலு மாத அனுபவம்

கடைப் பெயரைப் போடவில்லை. நாளைக்கும் அங்கேதான் தேங்காய் எண்ணெய் வாங்கணும், கடைக்காரச் சேட்டன் நல்ல மனுஷன் வேறு. கேரள எல்லையில் இருக்கும் குமுளி டவுனுக்குள் நடுத்தரமான ஒரு மளிகைக் கடை, அவ்வளவு போதும். நாலு மாதமாக வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் வீடு ரோசாப்பூக்கண்டம் பக்கம், கடைக்கு நடந்தே போகலாம்தான், ஆனால் ஜூன் மழையில் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு இந்த மேட்டில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் வாட்ஸ்அப்புக்குப் போனேன் என்று விளக்க வேண்டியதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சரக்கு சுத்தம். பருப்பில் கல் கிடையாது, மட்ட அரிசி (கேரளத்துச் சிவப்பரிசி) பழசாகவே வருகிறது, எடையில் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை (அம்மா வீட்டுத் தராசில் போட்டுப் பார்ப்பாள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்). 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரிக்குக் காசில்லை, குறைந்தால் 30 ரூபாய். காலை பத்து மணிக்குள் அனுப்பினால் மதியச் சமையலுக்கு ஆகாது, சாயங்காலத்துக்கு ஆகும். டெலிவரிப் பையன் மழையோ வெயிலோ வந்துவிடுவான், சில்லறைக்கு மிட்டாய் நீட்ட மாட்டான்.

கோளாறு எல்லாம் லிஸ்ட்டில்தான். முதல் நாளே சேட்டன் சொல்லிவிட்டார், ‘நீளமா எழுதண்டா, சுருக்கமா போட்டா போதும்’ என்று. கல்லாவில் இருக்கும் பையன் கட்டப்பனைப் பக்கத்து மலையாளி, தமிழ் தண்ணீராகப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. எனக்கு மலையாளம் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. ஆக இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து, அதிலும் உயிரெழுத்தை எல்லாம் தின்றுவிட்டு மிச்சம் வைத்த எலும்பு.

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து பதினோராவது நாள். பத்தியச் சாப்பாடு, காரத்துக்கு மிளகாய் தொடக்கூடாது, எல்லாம் மிளகுதான். அம்மா அடுப்படியிலிருந்து ‘தம்பி, மிளகு தீர்ந்துபோச்சு, கால் கிலோ சொல்லு’ என்றாள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் எம், எல், ஜி என்று மூன்று எழுத்தும் 250 என்ற எண்ணும் போட்டு அனுப்பினேன். பையன் ‘கே’ என்றான். ஓகேவில் ஓவுக்குக்கூட நேரமில்லாத பையன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள், உள்ளே சிவப்பாக, பளபளவென்று, காம்பு கிள்ளாத வற்றல் மிளகாய் கால் கிலோ. ‘பிள்ளை பெத்தவளுக்கு இதைப் போட்டா ரசம் வைக்கச் சொல்றே?’

சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். பையன் என் மெசேஜை எனக்கே காட்டினான். ‘சேட்டா, முளகுதானே சோதிச்சது?’ முளகுதானே கேட்டீங்க என்கிறான். அப்போதுதான் உறைத்தது. நமக்கு மிளகு என்றால் கருப்பாக உருண்டையாக இருப்பது. அவர்களுக்கு முளகு என்றால் மிளகாய், நம்முடைய மிளகுக்கு அவர்கள் பெயர் குருமுளகு. ம, ள, க என்ற மெய் மூன்றும் இரண்டு பாஷைக்கும் பொது, உயிரில்தான் ஊர் பிரிகிறது, நான் எடுத்து எறிந்தது சரியாக அந்த உயிரைத்தான். அவன் தப்பே செய்யவில்லை. இத்தனைக்கும் இது மிளகுக் கொடி மரத்துக்கு மரம் ஏறி நிற்கும் இடுக்கி மாவட்டம்.

அதற்கு அப்புறம் பழைய லிஸ்ட்டை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். கே, டி, எல் என்று போட்டு நான் கேட்டது வறுப்பதற்கு நிலக்கடலை, கம்பம் பக்கம் கடலை என்றால் அதுதான். வந்தது புட்டுக்குக் குழம்பு வைக்கும் கொண்டைக்கடலை, மலையாளத்தில் கடலை என்றால் அதுதான். அன்றைக்கு ஏதோ கை மாறிவிட்டது என்று நினைத்து ஊறவைத்துத் தின்றுவிட்டோம். புளியைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஆங்கில எழுத்தில் ல-வும் ள-வும் ஒன்றுதான், 1978-லிருந்து புலிகள் காப்பகமாக இருக்கும் பெரியாற்றுக் காட்டை ஒட்டிக் குடியிருந்துகொண்டு மாதாமாதம் அரைக் கிலோ புலி கேட்டிருக்கிறேன்.

இந்தச் சுருக்கெழுத்து விரலில் ஏறிய காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நோக்கியா 1100 வைத்திருந்தோம். அதில் எஸ் என்ற ஒரு எழுத்து வர 7-ஐ நாலு தடவை அமுக்கணும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து என்றால் 160 கொள்ளும், தமிழ் எழுத்தில் அடித்தால் 70-தான், அதிலும் புள்ளி தனி, கொம்பு தனி என்று எண்ணும். வணக்கம் என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. 160-ஐத் தாண்டினால் இரண்டாவது மெசேஜுக்குக் காசு. எங்கள் ஊரில் அப்போது இன்னொரு கொடுமையும் இருந்தது, செக்போஸ்ட் பக்கம் பத்தடி நகர்ந்தால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் என்று காசு பிடுங்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பிடித்துப் பிடித்துச் செலவழித்தோம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் எழுத்துக்குக் காசில்லை, விரல் மட்டும் அந்தக் கஞ்சத்தனத்தை விடவில்லை.

சுருக்கி எழுதுவது இளசுகள் கண்டுபிடித்த கெட்ட பழக்கம் என்று சிலர் திட்டுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. என் தாத்தா ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியவர். அவருடைய நோட்டில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, மேற்படி என்பதற்கு ௸. பக்கம் பக்கமாக ௸ இருக்கும். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் த.பெ. என்று இருந்தால் தகப்பனார் பெயர் என்று எல்லோருக்கும் தெரிகிறது. தாத்தாவுக்கும் முதலாளிக்கும் அந்தக் குறிகள் ஒன்றே, ஒருவர் எழுதியதை மற்றவர் பிசகாமல் படித்தார். எனக்கும் கட்டப்பனைப் பையனுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, அவரவர் வாயில் இருக்கும் வார்த்தையை அவரவர் நினைத்துக்கொள்கிறோம்.

கடைக்காரர்கள் பதில் போடும் விதத்துக்கும் மதிப்பெண் குறைக்கணும். ‘நாலு மணிக்குள் வருமா?’ என்று கேட்டேன், எஸ், ஆர், ஐ என்று பதில் வந்தது. சரி என்கிறானா, ஸாரி என்கிறானா? ஸாரி என்று எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம், மூன்றே முக்காலுக்கு வாசலில் பை தொங்கியது, பாலை நாய் ஒருகை பார்த்துவிட்டது. இன்னொரு நாள் டெலிவரிப் பையன் வரவே இல்லை. கேட்டதற்கு பி, ஏ, என், ஐ என்று நாலு எழுத்து. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி, அதனால் வண்டி ஓட்ட முடியவில்லை போல என்று நான் நினைத்தேன். தங்கச்சி, ‘பணியா இருக்கும்ணே, கடையில லோடு வந்திருக்கும்’ என்றாள். மறுநாளும் ஆளைக் காணோம் என்று போன் போட்டால் அவன் அம்மா எடுத்தார், பையனுக்கு நல்ல காய்ச்சல். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ‘மெதுவா வாடா’ என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், நான் அனுப்பியிருந்தது இரண்டு கேள்விக்குறி.

வாய்ஸ் மெசேஜ் போட்டுப் பார்த்தேன். கடையில் அரைவை மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம், தயவுசெய்து எழுதுங்கள் என்றார்கள். இப்போது நான் செய்வது, பொருளின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒன்று விடாமல் முழுசாக எழுதுகிறேன், சந்தேகமான சாமானுக்கு மலையாளப் பெயரைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கேட்டுப் போடுகிறேன், அதுவும் புரியாது என்று தோன்றினால் டப்பாவைப் படம் எடுத்து அனுப்புகிறேன். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது, திரும்பக் கொண்டுபோய் மாற்றும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் லாபம்தான். மிளகாயை அன்றே மாற்றிக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்லணும்.

சேட்டனிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். சாமான்களுக்கு ஒன்று முதல் எண் போட்டு, பக்கத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் பெயர் எழுதி ஒரு படமாக அனுப்பிவிட்டால், நாங்கள் 14, கால் கிலோ என்று எழுதினால் போதும், அதைவிடச் சுருக்கம் உலகத்தில் கிடையாது. ‘நோக்காம்’ என்றார். ஒரு மாதம் ஆகிறது, இன்னும் நோக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரக்குக்கு ஐந்துக்கு நாலரை, டெலிவரிக்கு நாலு, ஆர்டர் எடுப்பதற்கு இரண்டு, அந்த இரண்டிலும் பாதித் தப்பு என்னுடையது என்பதால் இரண்டரை. எல்லைக்கு இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த தமிழர்கள் தாராளமாக வாங்கலாம், பெயரை முழுசாக எழுதுங்கள், உயிரெழுத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள், மிளகு மட்டும் நேரில் போய் வாங்குங்கள்.

நேற்று நான் நேரில் போகவில்லை, குருமுளகு என்று எல்லா எழுத்தும் போட்டு அனுப்பினேன். பொட்டலத்தின் மேல் பையன் பேனாவால் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தான், எனக்கு அந்த எழுத்து வராது. அம்மா பிரிக்காமலே மூக்கருகே கொண்டுபோனாள், ஒரு தும்மல் போட்டாள், நேராக மிளகு டப்பாவில் கொட்டிவிட்டாள்.