பேஸ்மென்ட்டா, பாய் கடையா, சர்வீஸ் சென்டரா?

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்து பேஸ்மென்ட்டில், ஸ்கூட்டருக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் பேசினை வைத்து இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, ட்ரெயின் போல்ட்டைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். இறுகிவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கால் சுற்று. ஸ்பேனர் சட்டென்று லேசானது. அதற்குப் பிறகு போல்ட் இறுகவும் இல்லை, கழலவும் இல்லை, சும்மா சுற்றியது. இன்ஜின் அடிப்பக்கம் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியத்தின் மரைதான். மரை கழன்றவன் என்று யாரையும் திட்டும் யோக்கியதை அன்றோடு எனக்குப் போயிற்று.

சாயங்காலம் மணி 5. ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். திங்கட்கிழமை காலை, ஆயில் இல்லாத வண்டியை ஆபீஸ் போகிற கூட்டத்துக்கு நடுவே தள்ளிக்கொண்டு மெக்கானிக் பாயின் கடைக்குப் போனேன். குனிந்து பார்த்தவர், "நீங்களே பண்ணீங்களாண்ணா?" என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஒரு சைஸ் பெரிய போல்ட் போட்டுக் கொடுத்தார். 450 ரூபாய். நான் வீட்டிலேயே ஆயில் மாற்றி மிச்சம் பிடித்திருந்தது 150.

இவ்வளவுக்கும் பிறகும் ஆயிலை நானேதான் மாற்றுகிறேன். வேலை சுலபமா கஷ்டமா என்று பார்ப்பதைத்தான் விட்டுவிட்டேன். சொதப்பினால் வண்டி எங்கே நிற்கும், யார் தள்ளுவது என்பதை வைத்து எந்த வேலை எங்கே என்று பிரித்துக்கொண்டேன். என் வண்டி 2016 மாடல், 110 சிசி, கார்புரேட்டர். ஆக்டிவா, ஜூப்பிட்டர், ஆக்சஸ் எது வைத்திருந்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஆயில். இதில் மூன்று இடங்களையும் பார்த்துவிட்டேன், வீடுதான் ஜெயிக்கிறது. பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கும், அதனால் வழுக்காத ஆயில் வேண்டும். பாட்டிலில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருப்பார்கள். ஸ்கூட்டர் கிளட்ச் தனியாக, உலர்ந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு உராய்வு குறைந்த ஜாசோ எம்பி. தெருக்கடையில் ஒரே டப்பாவிலிருந்து பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் ஊற்றுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எம்ஏ ஊற்றினால் ஸ்கூட்டர் செத்துப்போகாது, ஆனால் காசு கொடுத்து எதற்கு அதை வாங்க வேண்டும்? இன்னொன்று அளவு. 110 சிசி வண்டிக்கு ஆயில் மாற்றும்போது சுமார் 700 மில்லி போதும். பாட்டில் 800 மில்லியாகவும் வரும், 900 ஆகவும் வரும். "மிச்சம் வெச்சு என்ன சார் பண்ணப்போறீங்க" என்று முழுசையும் கவிழ்த்துவிடுவார்கள். அதிகமான ஆயில், இன்ஜின் மூச்சுவிடும் ப்ரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும். வீட்டில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மூன்று நிமிடம் பொறுத்து, ஆயில் அளவுக் குச்சியைத் துடைத்துப் பார்க்க நமக்கு நேரம் இருக்கிறது. அவர்களுக்கு வாசலில் நாலு வண்டி நிற்கிறது. பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் செருகித்தான் அளவு பார்க்க வேண்டும், கையேட்டில் இருக்கும்.

பின்சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் என்று தனியாக 100 மில்லி சொச்சம் இருக்கும். நான் சொல்லாமல் அதை மாற்றிய கடை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

ஆயிலை எப்போது மாற்றுவது என்பதற்குக் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். சில்க் போர்டு சந்திப்பில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் மீட்டரில் ஏறுவது ஒன்றோ இரண்டோ, இன்ஜின் ஓடியது முக்கால் மணி நேரம். பெங்களூரு வண்டிக்குக் கையேட்டுக் கணக்கிலிருந்து கொஞ்சம் முன்கூட்டியே மாற்றுவது என் வழக்கம்.

சர்வீஸ் சென்டர் பக்கம் வருவோம். ஒரு வருடம் சோம்பேறித்தனமாக ஒரு சென்டரில் விட்டேன், பெயர் வேண்டாம். விடுவதற்கு முன்னால், வெறும் குறும்புக்காக, ஏர் ஃபில்டர் விளிம்பில் மனைவியின் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். மாலையில் வந்த பில்லில் புது ஏர் ஃபில்டர் என்று ஒரு வரி. பெட்டியைத் திறந்தால் அதே புள்ளி என்னைப் பார்த்துச் சிரித்தது. கேட்டதும் "பசங்க மறந்துட்டாங்க சார்" என்று உடனே மாற்றிக் கொடுத்தார்கள், சண்டை போடவில்லை. ஆனால் புள்ளி வைக்காதவர்கள் எத்தனை பேர்?

பாய் கடையிலும் ஃபில்டர் விஷயத்தில் ஒரு வியாதி உண்டு. காற்றடித்துச் சுத்தம் செய்துவிடுவார். சாதாரணக் காகித ஃபில்டருக்குச் சரி. பல ஸ்கூட்டர்களில் இருப்பது எண்ணெய் தோய்த்த காகிதம். அதில் தூசி ஒட்டிக்கொள்வதே அந்த எண்ணெயால்தான். காற்றடித்தால் ஃபில்டர் பாழ். அது மாற்ற வேண்டிய பொருள், ஊத வேண்டியது அல்ல. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் போகிறவர்கள் கெடுவுக்கு முன்பே மாற்றலாம். நாலைந்து ஸ்க்ரூ, பத்து நிமிடம். ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப்பொடி, பிரேக் கேபிள் தளர்வு, எல்லாம் பேஸ்மென்ட் வேலை. தப்பாகப் போனால் திரும்பக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். பிளக்கை மட்டும் முதல் சில சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். அதுவும் அலுமினிய மரைதான், அங்கே போனால் 450 ரூபாயில் முடியாது.

பெல்ட் இருக்கும் சிவிடி பெட்டியை, அதாவது ஸ்கூட்டரில் கியர் வேலையைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் பகுதியை, நான் தொடுவதில்லை. மூடியைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. உள்ளே கிளட்ச் நட்டையும் முன்பக்க புல்லி நட்டையும் கழற்றத்தான் புல்லி சுற்றாமல் பிடிக்க ஒரு கருவி வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் ஓடும் இம்பாக்ட் கன் வேண்டும். இரண்டும் இல்லாமல் விசிறி இதழ்களுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகிப் பிடிப்பார்கள். இதழ் உடையும், புல்லியே புதிதாக வாங்க வேண்டிவரும். பாயிடம் கன் இருக்கிறது. டர்ர் என்று ஒரு சத்தம், நட்டு கையில். முன் புல்லிக்குள் இருக்கும் உருளைகள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பது நமக்குத் தெரியாது. பெல்ட்டுக்கு என் ஓட்டு பாய் கடைக்குத்தான், பெல்ட்டை மட்டும் நானே கம்பெனி சாமானாக வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

பின் பிரேக் ஷூவும் அப்படியே. பல வண்டிகளில் சைலன்சரைக் கழற்றினால்தான் சக்கரம் வெளியே வரும். தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது மட்டும் நம் வேலை. பிரேக்கை அழுத்தும்போது டிரம் பக்கத்தில் கேபிள் இழுக்கும் நெம்புகோலில் இருக்கும் அம்புக்குறி, எதிரே உள்ள அடையாளத்தைத் தொட்டால் ஷூ முடிந்தது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போங்கள். வாரண்டி முடியும் வரையிலும் அங்கேதான், பில் பத்திரம். மின்சார ஸ்கூட்டரில் இன்ஜின் ஆயிலும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. டயர் காற்று, பிரேக், அவ்வளவுதான் நம் பங்கு.

கழுவுவதற்கு மட்டும் எங்கேயும் விடுவதில்லை. பீய்ச்சியடிக்கும் தண்ணீர் சுவிட்ச்சுக்குள் போய் ஹார்ன் ஊமையான கதை என்னிடம் உண்டு. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து எங்கள் அசோசியேஷனும் பேஸ்மென்ட் குழாயைப் பூட்டிவிட்டது. அரை வாளி தண்ணீர், இரண்டு பழைய பனியன், போதும்.

வீட்டு வேலையில் ஒரே தலைவலி, வடித்த கறுப்பு ஆயில். சாக்கடையில் ஊற்றினால் ராஜகால்வாய் என்கிற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏதோ ஒரு ஏரிக்குத்தான் போகும். நுரை பொங்கித் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரியைப் பார்த்த ஊர் இது. பழைய ஆயில் பாட்டிலிலேயே ஊற்றி, மூடி இறுக்கி, பாய் கடைக்குக் கொண்டுபோகிறேன். வாங்கித் தன் டிரம்மில் கவிழ்த்துக்கொள்வார். டிரம் நிறைந்ததும் ஆள் வந்து காசு கொடுத்து எடுத்துப்போவானாம். போன மாதம் பாட்டிலை நீட்டியபோது அதை வாங்குவதற்கு முன்னால், கையைத் துடைத்துக்கொண்டே என் வண்டிக்கு அடியில் குனிந்து அந்த போல்ட்டைப் பார்த்தார். "இந்தவாட்டி விட்டுட்டீங்க" என்றார்.