சிக்னல் இல்லாத இடத்தில் பாஸ்வேர்டு கேட்கும் வேட்டை மேப்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணே, அந்த வேட்டை மேப் ஆப்புக்கு விலையைக் குறைச்சிருக்காங்க. கயோட்டி தேட வாங்கிடலாமா?" கயோட்டி என்பது ஓநாய்ச் சாயலில் இருக்கும் ஒரு காட்டுநாய். போனில் நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. பல வருடங்களாகச் சந்தா கட்டியவன் என்ற முறையில் விரிவாகவே எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம், அவருக்குத் தெரியும்.

அடிப்படை விஷயங்களில் குறை சொல்ல முடியாது. எது யாருடைய நிலம் என்பதை நிறத்தில் காட்டிவிடும். மத்திய அரசின் நில நிர்வாகத் துறையான பி.எல்.எம். நிலம் மஞ்சள், மாநில டிரஸ்ட் நிலம் நீலம், வன இலாகா பச்சை, தனியார் வெள்ளை. அரிசோனாவில் மஞ்சள் மட்டுமே சுமார் 1.2 கோடி ஏக்கர், நீலம் 92 லட்சம் ஏக்கர். நீல நிலத்துக்குள் பொழுதுபோக்காக நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் வேட்டைக்காகப் போகலாம். ஒரே வண்டித்தடம் மஞ்சளில் தொடங்கி நீலத்தைத் தாண்டி வெள்ளையில் போய் நிற்கும். பல இடங்களில் வேலியே கிடையாது. தெரியாத மண்ணில் இந்த நிறங்கள் இல்லாமல் நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்.

இந்த மாநிலத்தில் மேப்புக்கு இன்னொரு வகையிலும் முக்கியத்துவம் உண்டு. வேட்டைக்கு உதவியாகக் காட்டில் கேமரா கட்டி வைப்பதை 2022 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். ஆகவே புது இடத்தில் கயோட்டி இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணும் காலும் காதும்தான். எங்கே நடப்பது என்பதை முடிவு செய்யத்தான் செயற்கைக்கோள் படம்.

இதில் கிடைத்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினால், மாடுகளுக்காக வெட்டிய மண்குட்டைகள் பாலைவனத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நாலா பக்கத்திலிருந்தும் மாட்டுத்தடங்கள் அங்கே வந்து சேரும். குட்டைக்குப் பக்கத்தில் வறண்ட மணலோடை ஒன்று வண்டித்தடத்தைக் குறுக்கே வெட்டினால், அங்கே ஒரு குறி போட்டு வைப்பேன். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. குட்டைக்கரைச் சேற்றில் முட்டை வடிவத்தில் கச்சிதமான தடம், நடு இரண்டு விரல்களின் நகம் மட்டும் லேசாகக் குத்தியிருக்கும். நாய்த்தடம் அகன்று, விரல்கள் விரிந்து, அங்குமிங்கும் அலைந்திருக்கும். கயோட்டி போகும் இடம் தெரிந்ததுபோல் ஏறக்குறைய ஒரே கோட்டில் நடந்திருக்கும்.

தடங்கள் சந்திக்கும் முனையில், நடுப்பாதையிலேயே எச்சம் கிடக்கும். குச்சியால் பிரித்துப் பாருங்கள். குளிர்காலம் என்றால் முயல் முடியும் எலும்புத் துணுக்கும். கோடை முடிவில் மெஸ்கீட் மர விதைகளும் சப்பாத்திக்கள்ளிப் பழ விதைகளும். அகீலா ஊர்ப்பக்கம் முலாம்பழத் தோட்டங்களை ஒட்டி நடந்தால் அதன் விதைகளும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தேதியோடு ஒரு குறி போட்டு வந்தேன். பருவங்கள் போகப்போக அந்தக் குறிகள் தாமாகவே பாதையாகச் சேர்ந்தன. எந்த ஓடையில் எந்த மாதம் நடமாட்டம் என்று தெரிய ஆரம்பித்தது. இந்த ஒரு வசதிக்காக அந்தச் செயலியை மனதாரப் பாராட்டுவேன்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். சிக்னல் இல்லாத இடத்துக்காகத்தானே ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைக்கிறோம்? இந்தச் செயலி சிக்னல் இல்லாத இடத்தில்தான் "மறுபடி லாகின் செய்யவும்" என்று வந்து நிற்கும். லாகின் செய்ய இணையம் வேண்டும். இணையம் இருந்தால் எனக்கு ஆஃப்லைன் மேப் எதற்கு?

போன வாரம் விக்கன்பர்க் ஊருக்கு மேற்கே, கிழக்கு வெளுக்கும் நேரம். துப்பாக்கி வண்டியிலேயே இருந்தது. இடம் பார்க்க மட்டும்தான் போயிருந்தேன். கயோட்டி ஊளை போல ஒலிக்கும் ஊளைக்குழலை எடுத்து ஒரு தடவை நீளமாக ஊதிவிட்டுக் காத்திருந்தேன். தென்மேற்கே ஒரு குன்றின் பக்கமிருந்து கூட்டமாகப் பதில் வந்தது. இரண்டு கத்தினாலே ஏழெட்டு கத்துவது போல இருக்கும், அதனால் எண்ணிக்கையை நம்பக் கூடாது. திசையை நம்பலாம். அந்தத் திசையை அந்த நிமிடமே மேப்பில் கோடு போட்டு, அரை மைல் தள்ளிப் போய் மறுபடி ஊதி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தைக் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் குன்று நீலமா வெள்ளையா என்பதும் தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் ஆள் குடியிருக்கும் வீடு இருந்தால், அனுமதி வாங்காமல் கால் மைலுக்குள் சுடுவது சட்டப்படி குற்றம். போனை எடுத்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. வெளிச்சம் வந்தது, குரல் அடங்கியது, கோடு போட முடியவில்லை.

புகார் எழுதினேன். "செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்" என்று பதில். நீக்கினால் இறக்கி வைத்த மேப் எல்லாம் போய்விடும் என்பதை அந்தப் பதிலில் சொல்லவே இல்லை. இது எனக்குப் புதிதும் அல்ல. நடுவில் ஒரு அப்டேட்டில் சரி செய்தார்கள், ஒரு பருவம் நிம்மதியாக இருந்தேன், அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்துவிட்டது. நியாயமாகச் சொன்னால் இறக்கிய மேப் கெட்டுப்போவதில்லை, எல்லைக்கோடுகளும் நான் பார்த்தவரை வேலிகளோடு ஒத்துப்போகின்றன. ஆனால் திறக்க முடியாத மேப்பின் துல்லியத்தை வைத்து நான் என்ன செய்ய?

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நானும் இந்த முறை புதுப்பிக்கப் போவதில்லை. பி.எல்.எம். அலுவலகத்தில் நில உரிமை நிறங்களோடு 1:100,000 அளவில் காகித மேப் கிடைக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் மேட்டுக்கோட்டு வரைபடங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அவற்றோடு ஒரு திசைகாட்டி போதும். குட்டையைத் தேட இணையத்தில் இலவசச் செயற்கைக்கோள் படங்களும் இருக்கின்றன. என் குறிகளை எல்லாம் வேறு மேப்களிலும் திறக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுத்துவிட்டேன், உங்களுக்கும் அனுப்புகிறேன்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் இலவசச் சோதனைக் காலத்திலேயே ஒன்றைச் செய்யுங்கள். மேப்பை இறக்கி, போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, அணைத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் ஆன் செய்து திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே சந்தாவை ரத்து செய்துவிடுங்கள்.