ஷூ கேட்கும் பாதமும் சேறு மிதிக்கும் பாதமும்

காலை இழந்த விவசாயி ஒருவர் செயற்கைக் காலோடு வீடு திரும்புகிறார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும், விடிந்தால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், பிறகு வயலில் இறங்க வேண்டும். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘சாச்’ என்ற செயற்கைப் பாதம் இவற்றில் எதையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

அதற்காக அதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. உள்ளே விறைப்பான கட்டை, குதிகாலில் மெத்தென்ற ரப்பர், அவ்வளவுதான். கணுக்காலில் மூட்டே கிடையாது. குதிகால் தரையில் பட்டதும் ரப்பர் அமுங்கிக் கொடுப்பதால் கணுக்கால் வளைந்ததுபோலவே நடை அமைகிறது. தேய்வதற்கு மூட்டு இல்லாததால் பராமரிப்பும் குறைவு. நாற்காலியும் ஷூவும் உள்ள வாழ்க்கைக்கு அது அருமையான தீர்வு. ஆனால் ஷூவின் குதி உயரத்தைக் கணக்கிட்டுச் செய்த பாதம் அது. வெறுங்காலில் நின்றால் ஆள் பின்பக்கம் சாய்வார்.

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி, நோயாளிகள் செயற்கைக் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்புவதைக் கண்டார். அவருக்குத் துணை நின்றவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். கைவசம் இருந்தவை ரப்பரும் மரத்துண்டும் டயருக்குள் வைக்கும் நூலும்தான். கையில் தாராளமாகப் பணம் இருந்திருந்தால் சாச் பாதத்தையே பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்து, அதற்குப் பொருத்தமான ஷூவையும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

பிறகு ஜெய்ப்பூர் கால் என்று பெயர்பெற்ற பாதத்துக்கு அவர்கள் செய்தது இதுதான்: விறைப்பான கட்டையைக் கணுக்கால் பகுதியோடு நிறுத்திவிட்டார்கள். முன்பாதத்திலும் குதிகாலிலும் பஞ்சு போன்ற ரப்பர். எல்லாவற்றையும் டயர் நூலால் சுற்றி, தோல் நிற ரப்பர் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடேற்றி ஒன்றாக்கினார்கள். கட்டை குறுகியதும் பாதம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் வளைந்தது. மேடுபள்ளத்தில் பதிந்தது, குத்துக்காலிட இடம் கொடுத்தது, விரல்கள் தெரிந்ததால் ஷூவும் தேவைப்படவில்லை. தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் ஜெய்ப்பூர் காலோடு மீண்டும் பரதம் ஆடினார். வெறுங்காலில் ஆட வேண்டிய ஆட்டம் அது. ஷூ கேட்கும் பாதத்தோடு அந்த மேடையில் என்ன செய்வது?

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1975இல் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனம் இதை இலவசமாகவே பொருத்துகிறது.

ஜெய்ப்பூர் பாதத்திலும் குறை உண்டு. சாச் பாதத்தைவிட எடை கூடுதல். கையால் செய்வதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. மொசைக் தரையில் ஷூவோடு அலுவலகம் போய்வருபவர் என்னிடம் கேட்டால் சாச் பாதத்தையே சொல்வேன். வரப்பில் நடப்பவருக்கு அந்தக் கூடுதல் எடை பெரிய விலையல்ல. அந்த எடையையும் குறைக்கத்தான் பிற்பாடு இஸ்ரோவின் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பாதம் வந்தது.