ஏர் ரைஃபிளுக்கு லேசான ஈயமில்லா பெல்லட்: எங்கே சரி, எங்கே வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது குழலை மடக்கி ஏற்றுகிற சாதாரண 0.177 அங்குல (4.5 மில்லிமீட்டர்) ஸ்பிரிங் ரைஃபிள், சுடப்போவது கொல்லையில் 10 மீட்டர் தள்ளி ஒட்டிய காகித இலக்கை என்றால், ஈயமில்லா பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடுகிற சின்னக் குண்டு) தாராளமாக வாங்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் 25 மீட்டர், அதற்கு மேல் என்று தூரம் போகிற ஆளாக இருந்தால் அந்தக் காசுக்கு நல்ல ஈய பெல்லட் வாங்குங்கள், ஆனால் இலக்குக்குப் பின்னால் குண்டைப் பிடிக்க ஒரு பெட்டி வைக்காமல் சுடாதீர்கள்.

எல்லாமே எடையில்தான் இருக்கிறது. ஈயம் இல்லை என்றால் பெரும்பாலும் வெள்ளீயக் கலவை, கும்பகோணத்தில் ரசம் வைக்க ஈயச்சொம்பு வாங்குகிறோமே, அந்த உலோகம். நான் இங்கே ஈயம் என்று சொல்வது காரீயத்தை. காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. அதே 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள் போகிற அதே வடிவக் குண்டு, எடை மட்டும் சரசரவென்று குறைந்துவிடும். கடையில் கிடைக்கிற பெல்லட்டுகளில் ஈயமில்லாத எச் அண்ட் என் மேட்ச் கிரீன் 0.34 கிராம், ஈயத்தில் காமோ மேட்ச் 0.49, ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 ரைஃபிளுக்கானது 0.53, ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 0.547. எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் ஒரு டப்பாவைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இவ்வளவு லேசா இருக்கே, இது போய்ச் சேருமா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

10 மீட்டர் வரை போய்ச் சேரும், அதுவும் வேகமாகவே. ரைஃபிள் 10 ஜூல் சக்தி தருகிறது என்று வைத்துக்கொண்டால் 0.53 கிராம் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 194 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 0.34 கிராம் குண்டு 242 மீட்டரில் கிளம்பும். ஒலியின் வேகத்தைத் தாண்டிக் குண்டு ஆடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நம் ஊரில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி எல்லை 20 ஜூல், குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அந்த எல்லையைத் தொட்டால்தான் இந்த லேசான குண்டு ஒலி வேகத்தை நெருங்கும், சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கி அதற்கு எவ்வளவோ கீழே நிற்கிறது, அதனால் அந்தக் கவலையை விடுங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, லேசான பொருள் சீக்கிரம் வேகத்தை இழக்கும், காற்று தள்ளினால் தள்ளிய பக்கம் போகும். ஆடி மாதத்தில் மேல்காற்று வயலைத் தாண்டி வீசும்போது 25 மீட்டரில் வைத்துப் பார்த்தேன், ஈய பெல்லட் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுந்துகொண்டிருந்த இடத்தில் லேசானது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. காற்றே இல்லாத விடிகாலையில் கொஞ்சம் அடங்கியது, ஆனாலும் ஈயத்துக்கு ஈடாகவில்லை. இரண்டாவது, துப்பாக்கிக்கே ஆகாது. ஸ்பிரிங் ரைஃபிளில் ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு முன்னால் பாயும்போது குண்டு கொஞ்சம் முரண்டு பிடித்தால்தான் அழுத்தம் ஏறி, அந்தக் காற்றே மெத்தை மாதிரி பிஸ்டனைத் தாங்கும். குண்டு லேசாக இருந்து சட்டென்று ஓடிவிட்டால் பிஸ்டன் போய் முட்டும், தோளில் 'டக்' என்று ஒரு வெறும் உதை தெரியும், நாள்பட வாஷருக்கும் ஸ்பிரிங்குக்கும் கேடு. தினமும் நூற்றுக்கணக்கில் சுடுகிறவர்கள் இதை யோசித்தே ஆகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

அப்புறம் பொருத்தம். வெள்ளீயக் கலவை ஈயம்போல வளைந்து கொடுக்காது. ஏற்றும்போதே விரலில் தெரியும், ஈயம் கட்டை விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உட்காரும், இது நகத்தைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். அதனால் டப்பாவின் மேல் 4.49, 4.50 என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும் குண்டின் தலை அளவைப் பார்த்து வாங்குங்கள், குழலில் இறுக்கமாகப் போனால் அடுத்த முறை ஒரு படி சின்னது. வடிவத்தில் தட்டைத் தலைதான் காகிதத்துக்குச் சரி, அச்சில் வெட்டியதுபோல வட்டமாகத் துளை போடும், புள்ளி எண்ணச் சண்டையே வராது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர்தான், அந்தப் போட்டிகளில் சுடுவதும் இதே தட்டைத் தலைதான்.

குண்டு பிடிக்கிற பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈயமில்லாக் குண்டு கடினம், சுவரிலோ இரும்பிலோ பட்டால் ஈயத்தைவிட அதிகமாகத் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடவே கூடாது. நான் பயன்படுத்துவது பழைய எண்ணெய் டின், ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு வாய்க்கால் கரைக் களிமண்ணைக் கல் பொறுக்கிப் பிசைந்து இறுக்கி அடைத்தது, மேலே ஈரச் சாக்கு. காய்ந்தால் வெடித்துவிடும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோண்டி எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் அப்படியே தெரியும்: ஈயக் குண்டு தலை பரந்து, பின்பக்க விளிம்பு கோணிக்கொண்டு, குழலின் உட்பள்ளங்கள் பதித்த வரிகள் பாதி அழிந்து கிடக்கும், வெள்ளீயம் மூக்கில் மட்டும் லேசாக நசுங்கி, இடுப்பில் வரிகள் கோடுபோட்டதுபோல அப்படியே இருக்கும், பளபளப்புகூடப் போகாது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், ஈயம் விஷம். பெல்லட்டை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றுகிற பழக்கத்தை எங்கள் பக்கம் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன், பையன்கள்கூடச் செய்கிறார்கள், பார்க்கும்போதே வயிறு கலங்கும். தயவுசெய்து நிறுத்துங்கள், ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்குத் தட்டில் வைக்காதீர்கள்.

பறவைகளும் இருக்கின்றன. வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வருகிற வாத்துக் கூட்டம் வயலிலும் இறங்கி மேய்கிறது. அவை இரையை அரைக்கச் சிறுகல்லைத் தேடி விழுங்கும்போது மண்ணில் கிடக்கிற ஈயத்தையும் சேர்த்து விழுங்கும், இரைப்பையில் அது அரைபட்டு இரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத் தோட்டாவை 1991லேயே தடுத்துவிட்டார்கள், கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. அங்கே .308 மாதிரி பெரிய வேட்டை ரைஃபிள் வைத்திருக்கிறவர்கள் 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்கிற அளவு) ஈயத்துக்குப் பதில் 130 கிரெய்ன் செம்புக் குண்டுக்கு மாறுகிறார்கள். செம்பும் ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதே எடைக்கு நீளம் கூடிவிடும், அதனால் ஒரு படி லேசானதை எடுத்து வேகத்தில் ஈடுகட்டுகிறார்கள். கணக்கு ஒன்றுதான், அளவு மட்டும் வேறு.

நம் ஊரில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் கொக்கு, மடையான், காணாங்கோழியைச் சுடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், எந்த உலோகக் குண்டாக இருந்தாலும்.

வாங்கும்போது டப்பாவைக் கடையிலேயே திறந்து பாருங்கள். பெயர் வேண்டாம், தஞ்சாவூரில் ஒரு கடையில் வாங்கிய மலிவு ஈய டப்பாவில் கால்வாசிக்குப் பின்விளிம்பு நசுங்கியிருந்தது, நசுங்கியது நேராகப் போகாது. கூரியரில் வாங்கினால் உள்ளே பஞ்சு வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈயமில்லாதது விலை கணிசமாகக் கூடுதல், அதனால் முதலில் ஒரே ஒரு டப்பா, உங்கள் குழலுக்கு ஒத்துவந்தால் மேற்கொண்டு. ஐப்பசி மழையில் ஈய பெல்லட் வெள்ளையாகப் பூத்துவிடும், அந்தப் பொடி கையில் ஒட்டும், வீட்டுக்குள் பரவும். மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தோடு வையுங்கள், பூத்ததைத் துடைத்துச் சுடப் பார்க்காமல் பழைய ஈயத்தோடு சேர்த்துக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்.