வீடு வாங்கும்போது பத்திரத்தை யார் பாக்கணும்: பத்திர எழுத்தரா, பேங்க் வக்கீலா, நாமளே வைக்கிற வக்கீலா? செலவு எவ்ளோ, நாள் எவ்ளோ

2024-ல திருச்சி திருவெறும்பூர் பக்கம் ஒரு பழைய தனிவீடு வாங்கினோம், பேசி முடிச்ச விலை 46 லட்சம். அதுக்கு முன்னாடி எங்க வீட்ல ஓடின பெரிய விவாதம் வீட்டைப் பத்தி இல்ல, பத்திரத்தை யாரை வச்சு பாக்கறதுங்கறதைப் பத்திதான். மாமா சொன்னாரு, "ரிஜிஸ்டர் ஆபீஸ் எதுத்தாப்புல நமக்குத் தெரிஞ்ச பத்திர எழுத்தர் இருக்காருமா, ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு அவரே பாத்துருவாரு, வக்கீல் எதுக்கு"ன்னு. ப்ரோக்கர், "லோன் போடறீங்கல்ல, பேங்க் வக்கீலே லீகல் பாக்கப் போறாரு, ரெண்டு செலவு எதுக்குங்க மேடம்"ன்னாரு. என் நாத்தனார் மட்டும் ஒத்தக்கால்ல நின்னாங்க, தனியா ஒரு சிவில் வக்கீல் வைக்காம ஒரு ரூபா அட்வான்ஸ் கொடுக்கக்கூடாதுன்னு. கடைசில மூணு பேர்கிட்டயும் போய் வந்தாச்சு, அதனால மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்ல முடியுது.

முதல்ல மொத்த செலவு எங்க போகுதுன்னு பாத்துருங்க, அப்பதான் மத்தது புரியும். தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017 ஜூன்ல இருந்து பதிவுக் கட்டணம் 4 சதவீதமா இருந்துச்சு, மொத்தம் 11 வந்துச்சு, 2023 ஏப்ரல்ல அதை 2-ஆ குறைச்சாங்க, ஆனா அதே கையோட வழிகாட்டி மதிப்பை (அரசாங்கம் இடத்துக்கு நிர்ணயிக்கற மதிப்பு) ஏத்திட்டாங்க, அதனால எல்லாருக்கும் லாபம்னு சொல்லிட முடியாது. கிரயத் தொகை, வழிகாட்டி மதிப்பு ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கணக்கு. எங்களுக்கு கிரயத் தொகைதான் அதிகம், 46 லட்சத்துக்கு முத்திரை 3,22,000, பதிவு 92,000, ஆக 4,14,000. லோன் 30 லட்சம் போட்டதால அசல் பத்திரத்தை பேங்க்ல வைக்கிறதுக்கு எம்ஓடி பதியணும், அதுக்கு கடன் தொகைல அரை சதவீதம் 15,000, பதிவுக் கட்டணம் 6,000. பேங்க் லீகல் சார்ஜ் 5,000 கிட்ட. பத்திர எழுத்தருக்கு 8,000. எங்க வக்கீலுக்கு 15,000. கூட்டினா 4,63,000. இதுல வக்கீல் காசு நூத்துக்கு மூணு ரூபா சொச்சம். வீட்டு விலையோட பாத்தா முந்நூறுல ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கச் சொல்றாங்க, எனக்கு அதுதான் இன்னைக்கும் ஆறல.

பத்திர எழுத்தர்

இவங்களை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். பதிவுத் துறை லைசென்ஸ் வாங்கி வேலை பாக்கறவங்க, பத்திரம் எழுதறதுல கை பழகினவங்க. நாலு எல்லை, அளவு, சர்வே நம்பர், பேர்ல ஒரு எழுத்து ஆதார்ல இருந்து மாறியிருக்கா, முன் பத்திரத்தோட நம்பர் சரியா, இதெல்லாம் எங்க எழுத்தர் பாத்த மாதிரி வக்கீல் கூட பாக்கல. வடக்கு எல்லைல "கருப்பையா மனை"ன்னு பழைய பத்திரத்துல இருந்துச்சு, அது கைமாறி இப்ப வேற ஆள் வீடா இருக்கு, அதை நேர்ல போய் விசாரிச்சு மாத்தி எழுதினது அவருதான். ஆன்லைன்ல ஏத்தறது, டோக்கன் எடுக்கறது, கட்டணம் கட்டறது எல்லாம் அவர் கைல. நாளும் கம்மி, காசு ரெடின்னா ஒரு வாரத்துல முடிச்சுத் தரேன்னாரு, சொன்னபடி முடிச்சும் இருப்பாரு.

ஆனா அவர் பாக்கற லீகல்னா 30 வருஷ ஈசி. ஈசின்னா என்ன, அந்த சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல், அவ்ளோதான். பதியாத உயில் அதுல இருக்காது. பதியாம வெறும் அக்ரிமெண்ட் போட்டு யாராவது அட்வான்ஸ் வாங்கியிருந்தா இருக்காது. கோர்ட்டுல ஓடற பாக வழக்கு பெரும்பாலும் தெரியாது. முன்ன காலத்துல பத்திரத்தை பேங்க்ல சும்மா ஒப்படைச்சு கடன் வாங்கி அதைப் பதியாம விட்டிருந்தா அதுவும் வராது. எல்லாத்துக்கும் மேல, கையெழுத்துப் போட்டவங்க யாருன்னுதான் ஈசி காட்டும். போட்டிருக்க வேண்டியவங்க யாருன்னு காட்டாது. எழுத்தர்கிட்ட எழுத்துல ஒரு ஒப்பீனியனும் கிடைக்காது, நாளைக்கு பிரச்சனைன்னா "ஈசி கிளியரா இருந்துச்சுங்க"ங்கறதோட முடிஞ்சுரும்.

பேங்க் வக்கீல்

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, நானும் நம்பத்தான் செஞ்சேன். லோன் வந்துருச்சுன்னா பத்திரம் சுத்தம்னு ஊர் பூரா ஒரு நம்பிக்கை. அந்த வக்கீல் நம்ம காசுல வேலை பாக்கறாரு, ஆனா பேங்குக்கு வேலை பாக்கறாரு. அவர் முன்னாடி இருக்கற கேள்வி, இவங்க தவணை கட்டலன்னா இந்த வீட்டை வித்து 30 லட்சத்தை எடுக்க முடியுமாங்கறது. நம்ம கேள்வி வேற. எங்க கைக்காசு 16 லட்சம், அம்மா நகை உட்பட, அது யார் கணக்குலயும் இல்ல. ரிப்போர்ட் பேங்குக்குப் போச்சு, காப்பி கேட்டோம், அது உள் ஆவணம் தரமாட்டோம்னுட்டாங்க. சில கிளைல தருவாங்கன்னு கேள்விப்பட்டேன், கேட்டுப் பாருங்க, தப்பே இல்ல.

இதை விட முக்கியமான விஷயம் நேரம். பேங்க் ஃபைலை எடுக்கவே கிரய அக்ரிமெண்ட் கேக்கறாங்க. அக்ரிமெண்ட்னா அட்வான்ஸ். அப்ப வரிசை என்ன ஆகுதுன்னா, முதல்ல நம்ம லட்சக்கணக்குல பணம் கொடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் பத்திரம் சரியான்னு ஒருத்தர் பாக்க ஆரம்பிக்கறாரு. அவர் சரியில்லன்னு எழுதினா லோன் வராது, அட்வான்ஸ் விக்கறவர் கைல. எங்களுக்கு பேங்க் லீகலும் மதிப்பீடும் சேத்து 14 நாள் ஆச்சு, நாள் கணக்குல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அது வர வேண்டிய இடத்துல வரல.

நாமளே வைக்கிற வக்கீல்

சிவில் கேஸ், அதுலயும் பாகப்பிரிவினை கேஸ் நடத்தற வக்கீலா பாத்துக்கோங்க, அவங்களுக்குத்தான் எந்த இடத்துல உடையும்னு தெரியும். எங்க வக்கீல் அம்மாவுக்கு 60 வயசு இருக்கும். ஜெராக்ஸ் செட்டை வாங்கி வச்சுட்டு நாலு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. போனா மேசை மேல ஒரு தாள்ல ஒரு குடும்ப மரம் வரைஞ்சு வச்சிருந்தாங்க. விக்கறவர் 2006-ல வாங்கினது, அவருக்கு வித்தவருக்கு 1994 பாகப்பிரிவினைப் பத்திரத்துல வந்தது, அந்தப் பத்திரத்துல மூணு அண்ணன் தம்பி கையெழுத்து. "அப்பா எப்ப இறந்தாரு, கூடப் பொறந்த பொண்ணு உண்டா"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு என்ன தெரியும். விசாரிச்சா அப்பா 1992-ல இறந்துருக்காரு, ஒரு தங்கச்சி இருக்காங்க, தஞ்சாவூர் பக்கம் கட்டிக் கொடுத்தது. உடனே அடுத்த கேள்வி, "கல்யாணம் எந்த வருஷம்? பத்திரிகை இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க."

கல்யாணப் பத்திரிகை எதுக்குன்னு எனக்கு அப்ப விளங்கல. அவங்க பொறுமையா சொன்னாங்க. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-ல இருந்து இந்துக் குடும்பத்துப் பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் ஆண்பிள்ளைக்கு சமமா பங்கு உண்டு, ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அந்தச் சட்டத்துல கிடையாது. மத்திய சட்டம் திருத்தினது 2005-லதான், அதுக்கு 16 வருஷம் முன்னாடியே இங்க வந்தாச்சு. பத்திரத்துல சொத்து "பிதிரார்ஜிதம்"னு, அதாவது பூர்வீக சொத்துன்னு தெளிவா எழுதியிருக்கு. தங்கச்சி கல்யாணம் 1991. அப்ப அண்ணன்மாரோட அவங்களுக்கும் சம பங்கு. சரி, 1989-க்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருந்தா தப்பிச்சிருப்போமான்னு கேட்டேன், அப்பவும் இல்லயாம், உயில் எழுதாம இறந்த அப்பாவோட பங்குல பொண்ணுக்கு ஒரு பங்கு வரும். எப்படிப் பாத்தாலும் அந்த அம்மா கையெழுத்து இல்லாத 1994 பத்திரம் ஓட்டைப் பத்திரம். 30 வருஷ ஈசில ஒரு வில்லங்கமும் இல்ல, எழுத்தர் பாத்து சரின்னாரு, பின்னாடி பேங்க் வக்கீலும் இந்தப் பொண்ணு பேச்சையே எடுக்கல.

அந்தத் தங்கச்சி விடுதலைப் பத்திரம் (என் பங்கை விட்டுக் கொடுக்கறேங்கற பத்திரம்) எழுதிக் கொடுத்தா வாங்குங்க, இல்லாட்டி விட்டுருங்கன்னு வக்கீல் சொல்லிட்டாங்க. விக்கறவர் முதல்ல கோவப்பட்டாரு, 18 வருஷமா யாரும் கேக்காததை நீங்க எதுக்கு கிளறறீங்கன்னு. அவரும் பாவம், 2006-ல அவருக்கு யாரும் சொல்லல. அப்புறம் அவரே தஞ்சாவூர் போய்ப் பேசி, ஒரு தொகை கொடுத்து, அந்த அம்மா பேரனோட ஆபீஸுக்கு வந்தாங்க. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு பத்திரத்தை முழுசா வரிவரியா படிச்சாங்க, அண்ணன் பேர் வந்த இடத்துல கொஞ்ச நேரம் விரல வச்சிருந்தாங்க, அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க. முப்பது வருஷத்துல அவங்ககிட்ட ஒருத்தரும் கேட்டதில்லன்னு போகும்போது என்கிட்ட சொன்னாங்க. சட்டம் கொடுத்த பங்கை ஒரு குடும்பம் சத்தமில்லாம தாண்டிப் போயிருக்கு, அதை நம்பித்தான் மூணாவது மனுஷங்க நாங்க 46 லட்சம் போட இருந்தோம்.

இந்த விடுதலைப் பத்திர வேலைக்கு 19 நாள். வக்கீல் படிச்சுப் பாக்க, 1975-க்கு முன்னாடி உள்ள வில்லங்கத்துக்கு ஆபீஸ்ல மனு போட்டு கைல எடுக்க 12 நாள் (அதுக்கப்புறம் உள்ளதை ஆன்லைன்லயே பாத்தாங்க). அப்புறம் அக்ரிமெண்ட், பேங்க் 14 நாள், டோக்கன் கிடைச்சுப் பதிய 4 நாள். ஜெராக்ஸ் கைக்கு வந்ததுல இருந்து 49-வது நாள் பதிவு. எழுத்தர் வழின்னா ஒரு வாரம், பேங்க்கை மட்டும் நம்பியிருந்தா மூணு வாரத்துக்குள்ள. நாள் அதிகம்தான், நான் மறைக்கல. ப்ரோக்கர் தினம் போன் போட்டாரு, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, நாளைக்கு இருக்காதுன்னு. 49 நாளும் அந்தப் பார்ட்டி வரல.

அப்ப எல்லாருக்கும் ஒரே பதிலான்னா இல்ல. புது ஃபிளாட்டை பில்டர்கிட்ட நேரா வாங்கறவங்களுக்கு செலவே வேற. 2023 டிசம்பர்ல இருந்து நிலமும் கட்டடமும் சேத்து ஒரே மதிப்பா பதியறாங்க, 50 லட்சம் வரைக்கும் முத்திரை 4 பதிவு 2, 3 கோடி வரைக்கும் 5-ம் 2-ம், அதுக்கு மேல 7-ம் 2-ம். இதே 46 லட்சத்துக்கு புது ஃபிளாட்னா 2,76,000-ல முடிஞ்சிருக்கும், ஆனா இது முதல் விற்பனைக்குத்தான். அங்க ரெரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தற அரசு அமைப்பு) பதிவு எண்ணை வச்சு ப்ராஜெக்ட் விவரத்தை ரெரா தளத்துல பாக்கலாம், 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கணும்னா பில்டர் அக்ரிமெண்ட்டைப் பதிஞ்சே ஆகணும். பேங்க் ஏற்கெனவே அந்த ப்ராஜெக்டைப் பாத்து வச்சிருந்தா வக்கீல் வேலை கம்மி, காசும் கம்மியா கேப்பாங்க. ஆனாலும் அடியில இருக்கற நிலத்தோட தாய்ப்பத்திரத்தை (பழைய மூலப் பத்திரம்) ஒரு தடவை நம்ம ஆள் படிக்கணும். மனை வாங்கறவங்க 2016 அக்டோபர் 20-ங்கற தேதியை மனசுல வச்சுக்கோங்க, அங்கீகாரம் இல்லாத மனையை வரன்முறைப்படுத்தற திட்டத்துக்கு அதுதான் எல்லை, அதுக்கப்புறம் பிரிச்ச அங்கீகாரமில்லாத மனைன்னா கிட்டயே போகாதீங்க. விலை 50 லட்சமோ மேலயோன்னா விலைல 1 சதவீதம் டிடிஎஸ் (விக்கறவர் பேர்ல கட்டற வருமான வரி) பிடிச்சு கட்டற பொறுப்பு வாங்கறவருக்கு, விக்கறவர் வெளிநாட்டுல குடியிருக்கறவரா இருந்தா அந்த 1 சதவீதக் கணக்கே செல்லாது, ஆடிட்டரைக் கேக்காம பணம் அனுப்பாதீங்க.

பட்டாவையும் அட்வான்ஸுக்கு முன்னாடியே பாருங்க. விக்கறவர் பேர்லயே பட்டா இருந்து உட்பிரிவு (சர்வே நம்பரைப் பிரிக்கறது) தேவையில்லன்னா பதிவு முடிஞ்சதும் தானாவே மாறும், மனு போட்டா 15 நாள், உட்பிரிவுன்னா 30 நாள்னு கணக்கு. எங்க வீட்டு பட்டா இன்னும் முன்னாடி இருந்த குடும்பத்துத் தாத்தா பேர்லயே இருந்துச்சு, விக்கறவர் மாத்திக் கொடுத்தாத்தான் மீதிப் பணம்னு வக்கீல் அக்ரிமெண்ட்லயே போட்டுட்டாங்க.

மூணு பேருமே வேணும், வரிசைதான் மாறக்கூடாது: முதல்ல நம்ம வக்கீல், அப்புறம் அட்வான்ஸ், அப்புறம் பேங்க், கடைசில எழுத்தர். வீடு கைவிட்டுப் போயிருமோன்னு பயமா இருந்தா நாங்க பண்ணினதைப் பண்ணுங்க. 10,000 மட்டும் டோக்கனா பேங்க் வழியா அனுப்பிட்டு, ஒரு தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதுல வக்கீல் எழுதச் சொன்ன வரி இது: "வாங்குபவரின் வழக்கறிஞர் ஆவணங்களில் குறை கண்டு எழுத்து மூலம் தெரிவித்தால், அந்தக் குறை 30 நாளில் தீர்க்கப்படாத நிலையில், இத்தொகை முழுவதும் 7 நாளில் திருப்பித் தரப்படும்." விக்கறவர் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டாரு. ப்ரோக்கர்தான் ரெண்டு தடவை படிச்சாரு.