வைஸ்மன்ஸ் ஃபெர்ரி: ஆற்றைக் கடந்ததும் திரும்பிவிடாதீர்கள்

சிட்னியிலிருந்து வடமேற்கே சுமார் 75 கிலோமீட்டர் போனால் ஹாக்ஸ்பரி ஆறு குறுக்கே வரும். பாலம் கிடையாது, காரோடு ஃபெர்ரியில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். 1827இல் தொடங்கிய துறை இது. இன்றைக்கும் இரவு பகலாக ஓடுகிறது, காசும் வாங்குவதில்லை. மட்டக்களப்பில் குருமண்வெளிப் பாதையில் (அங்கே ஃபெர்ரியைப் பாதை என்பார்கள்) ஏறி மண்டூர் போனவர்களுக்கு இந்த இடத்தைப் பார்த்ததுமே பிடித்துவிடும்.

பயணம் சில நிமிடம்தான். அதற்குள் வடத்தைக் கவனியுங்கள்: ஆற்றுக்குள் கிடக்கும் இரும்பு வடம் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்து, சக்கரத்தில் ஏறி, பின்பக்கம் மறுபடி மூழ்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஃபெர்ரி நகர்கிறது.

துறைக்குப் பெயர் தந்த சாலமன் வைஸ்மன் 1806இல் இங்கிலாந்திலிருந்து கைதியாகக் கப்பலில் வந்தவர், மரம் திருடிய வழக்கு. பிறகு விடுதலையாகி, இங்கே நிலம் பெற்று, சாலை போட்ட கைதிகளுக்கு உணவு கொடுக்கும் ஒப்பந்தமும் எடுத்துப் பணக்காரரானார். அவர் கட்டிய வீடுதான் ஊரில் இருக்கும் மதுவிடுதி. பலரும் அங்கே சாப்பிட்டு, ஃபெர்ரியில் ஒருமுறை போய் வந்து, அதோடு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை, ஏனென்றால் இந்தத் துறை இங்கே நிலைத்ததே அக்கரையில் மலையேறும் அந்தச் சாலையால்தான்.

இறங்கியதும் இடப்பக்கம் திரும்பி ஆற்றோரமாகக் கொஞ்சம் போனால் டிவைன்ஸ் ஹில் வாசல் வரும். வண்டிக்கு அனுமதியில்லை, நடக்கலாம், சைக்கிளில் போகலாம். சிட்னியையும் ஹன்டர் பள்ளத்தாக்கையும் இணைக்க 1826க்கும் 1836க்கும் இடையில் கைதிகளைக் கொண்டு போட்ட கிரேட் நார்த் ரோட்டின் பழைய துண்டு இது. அவர்களில் பலர் காலில் விலங்கோடு வேலை செய்தவர்கள். முதலில் ஃபின்ச் என்ற அளவையாளர் குறித்த வழி ரொம்பச் செங்குத்தாக இருந்ததால் அதை விட்டுவிட்டு இப்படித் திருப்பினார்கள். ஏறும்போது ஒரு பக்கம் பாறையை உற்றுப் பாருங்கள், உளி கொத்திய தடமும் வெடிமருந்து வைக்கத் துளைத்த குழியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. கையை வைத்தால் குழியின் வளைவு தெரியும். மறுபக்கம் சரிவில் பெரிய பெரிய கல்லாக அடுக்கிய தாங்குசுவர், மழைநீர் வெளியேற மதகு எல்லாம் பார்க்கலாம். இவ்வளவு பாடுபட்டும், கடல்வழியே நீராவிக் கப்பல் வந்ததாலும், வழியில் மாடு குதிரைக்குத் தண்ணீரும் தீனியும் சரியாகக் கிடைக்காததாலும் சாலை சீக்கிரமே ஆளில்லாமல் போயிற்று. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 11 ஆஸ்திரேலியக் கைதித் தலங்களில் இதுவும் ஒன்று.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பக்கத்திலேயே வெப்ஸ் கிரீக் என்று இன்னொரு ஃபெர்ரி இருக்கிறது, அது வேறு கரைக்குப் போகும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். நீண்ட வார இறுதியில் மாலையில் திரும்பும் வரிசை ரொம்ப நீளும், குழந்தைகளோடு போனால் மதியத்துக்குள் திரும்புவது நல்லது. வெள்ளம் வந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள், 2021லும் 2022லும் அப்படித்தான் ஆனது. அதனால் மழைக்காலத்தில் கிளம்புவதற்கு முன் போக்குவரத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மலைமேல் குடிதண்ணீர் கிடைக்காது, கையோடு எடுத்துப் போங்கள்.